ரிஜெக்ட் அக்கா வங்கி தேடிய கதை

என் மனைவிக்குத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பெயர் ரிஜெக்ட் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. வீட்டில் ஒருநாள் நானும் விளையாட்டாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "அந்த வேலையை நீங்க என்னைப் பாக்க வந்த அன்னைக்கே செஞ்சிருக்கணும்" என்றாள். அதன் பிறகு நான் அந்த விளையாட்டை வைத்துக்கொள்வதில்லை.

அவள் வேலை மூடி பார்ப்பது. இருமல் மருந்து பாட்டிலில் வெள்ளை மூடி இருக்குமே, அதைச் செய்யும் கம்பெனி. ஒரு பெட்டிக்கு ஆயிரம் மூடி. ஆயிரத்தையும் பார்க்க முடியாது. அதனால் பெட்டிக்குள் கையை விட்டு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று எடுப்பாள். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் அவற்றைத் திருகி, வெள்ளைத் தாளின்மேல் தலைகீழாக நிறுத்திவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பாள். தாளில் ஒரு சொட்டு சிவப்பு தெரிந்தாலும் பெட்டி முழுக்கத் திரும்பிப் போகும். ரிஜெக்ட் சீட்டு எழுதி ஒட்டிவிடுவாள். என்ன குறை, எந்த இடத்தில் எடுத்த மூடி, என்றைக்குப் பார்த்தது, கீழே பார்த்தவர் கையெழுத்து. பெட்டி திரும்பினால் மெஷின்காரருக்கு அன்றைய ஊக்கத்தொகை போச்சு. "ஒரு சொட்டுதானே அக்கா" என்று கெஞ்சுவார்கள். "ஒரு சொட்டுன்னாலும் ஒழுகல்தான்" என்பாள். இருபத்தோரு வருடமாக இதே பதில்.

இன்னொரு விதியும் உண்டு. மெஷின்காரர் எடுத்துக் கொடுக்கும் மூடியை வாங்கிச் சோதிக்கக் கூடாது. அவர் நல்லதாகப் பொறுக்கித்தான் கொடுப்பார். பார்ப்பவர் தன் கையால்தான் எடுக்க வேண்டும். இந்த விதியை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எனக்கு மூக்கின்மேல் கோபம். குறுக்கே வரும் சைக்கிள்காரனில் இருந்து சிக்னல் விளக்குவரை எல்லோரிடமும் சண்டை போட்டுத்தான் என் நாள் முடியும். காலை ஏழரை மணி நடையில் என் மனைவியும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் என் வண்டியில்தான் போவார்கள். அதனால் தொழிற்சாலையில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போவதில்லை. அவள் சொல்லாததையும் பின் இருக்கைகள் சொல்லிவிடும்.

எங்கள் மகளுக்குப் பதினெட்டு வயது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது ஒவ்வொரு கட்டமாகச் சத்தம் போட்டுப் படித்தாள். "அப்பா தொழில், ஓட்டுநர். அம்மா தொழில்... கம்பெனி வேலைன்னு போட்டுடவாம்மா?"

"போடு, போடு" என்றாள் என் மனைவி. அடுப்படியில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேர்வுக் கட்டணத்தை என் மனைவி தன் சம்பளக் கணக்கில் தனியாக விட்டு வைத்திருந்தாள். அந்த மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன நெருக்கடி வந்தும் அதைத் தொடவில்லை. கடைசி நாள் மதியம் பாப்பா கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பணம் கட்டப் பார்த்தாள். போதிய இருப்பு இல்லை என்று வந்தது. மறுபடி முயன்றாள், அதேதான். அன்று காலையில், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று சொல்லி வங்கி ஒரு தொகையைப் பிடித்திருந்தது. அதனால் பதினேழு ரூபாய் குறைந்தது. ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்கும் காசு.

அம்மாவைக் கூப்பிட்டாள். தொழிற்சாலையில் கைபேசிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். என்னைக் கூப்பிட்டாள். நான் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன், ஏழு தடவை பைக்குள் அதிர்ந்துவிட்டு அடங்கியது. ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிட்டது. ஐந்தேகாலுக்கு, மாலை நடைக்கு முன், பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன்.

பாப்பாவுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது. மறுநாள் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. பணம் இல்லாமல் கட்ட முயன்றதற்காக இரண்டு முறைக்கும் சேர்த்து இன்னொரு பிடித்தம். காசு இல்லை என்பதற்கு ஓர் அபராதம், காசு இல்லை என்று எங்களுக்குத் தெரியவந்ததற்கு இன்னோர் அபராதம். இதைத் தெரிவித்த குறுஞ்செய்திக்கும் மாதாமாதம் காசு பிடிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பாப்பா அழவில்லை. பேசாமல் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் வங்கிக்குப் போனேன், போய் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். மேசையைத் தட்டினேன். சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனா துள்ளி விழுந்தது. கவுண்டரில் இருந்தவர், விதிமுறையெல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காவலாளி என் தோளைப் பிடித்து, "அண்ணே, நான் உங்க வண்டியிலதான் தினமும் வர்றேன். வாங்கண்ணே, வெளியில போய்ப் பேசலாம்" என்று கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டான். வீரனைப்போல வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னென்ன பிடிப்பாங்கன்னு பட்டியல் வாங்கினீங்களா?" என்றாள்.

"இல்ல."

"யார் யார்கிட்ட கேட்டீங்க?"

"கவுண்டர்ல ஒருத்தன்கிட்ட."

"ஒருத்தர்கிட்ட மட்டும்தானா? அதுவும் கேக்கலை, கத்தியிருக்கீங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. மூடியைப் பார்க்கும் முகம் அது.

அடுத்த வாரம் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அவளே அந்த வங்கிக்குப் போனாள். ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள். "என்கிட்ட கேக்காம என் கணக்குல இருந்து என்னென்ன எடுப்பீங்க?" வாசலில் இருந்த காவலாளியைக் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் எடுக்க மாட்டாங்கக்கா" என்றான். கவுண்டரில் கேட்டாள். மூன்று கட்டணம் என்றார்கள். மேனேஜரைக் கேட்டாள். "அது அக்கவுண்ட்டைப் பொறுத்தது" என்று பிடிகொடுக்காமல் நழுவினார். பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தால் அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஆறு விதமான பிடித்தம் இருந்தது.

"பெட்டியே ஒழுகுது" என்றாள் வீட்டுக்கு வந்து.

ஆனால் அவள் மட்டும் வங்கி மாற முடியாது. தொழிற்சாலையில் அவளையும் சேர்த்து நாற்பத்திரண்டு பெண்கள். எல்லோருக்கும் சம்பளம் அந்த ஒரே வங்கிக்குத்தான் போகிறது. கணக்குப் பிரிவு அதிகாரியிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர், ஆனால் வேலை கூடுவது அவருக்குப் பிடிக்காது.

"தனித்தனியா மாத்த முடியாதும்மா. நாற்பத்திரண்டு பேரும் ஒரே பேங்க்னு கையெழுத்து போட்டுக் குடுத்தா மாத்தலாம். இந்த மாசக் கடைசியோட பழைய ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள வரலைன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இதேதான்."

நாற்பத்திரண்டு பேரைச் சேர்ப்பது என்ன சாதாரண விஷயமா? என் வண்டியில் ஜன்னல் திறப்பதா மூடுவதா என்பதற்கே நாலு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒருத்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரே மாதத்தில் நாலாவது தடவை பணம் எடுத்ததற்குப் பிடித்திருந்தார்கள். இன்னொருத்தி, தான் கேட்காத காப்பீட்டுக்கு இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வங்கியை ரிஜெக்ட் அக்கா பார்க்கட்டும், அவள் சரி என்று சொன்னால் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். அன்று மாலை அவள் என் வண்டியில் ஏறியபோது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரின் சம்பளம் அவள் ஒரு சொல்லில் தொங்குகிறது. பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டு வாரம் அலைந்தாள். நாலு வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்றில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். இன்னொன்றில் மூன்று பேரும் ஒரே பதில்தான், "நெட்ல பாத்துக்கோங்க." மூன்றாவது வங்கியில் கேள்வியைக் கேட்டவுடன் காப்பீட்டுத் திட்டத்தைக் கையில் திணித்தார்கள். நாலாவதில் ஒரு பையன் நேர்மையாக, "எனக்கே என் சம்பளத்துல என்ன பிடிக்கிறாங்கன்னு தெரியல மேடம்" என்றானாம். அவனுக்காக மட்டும் அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

ஐந்தாவது வங்கி புதிதாகத் திறந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். மேனேஜர் எழுந்து வந்து வரவேற்றார். தன் அறையில் உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தார். அவள் கேள்வியைக் கேட்டவுடன், "எதுவும் கிடையாது மேடம், ஒரு பைசா கிடையாது" என்றார். மற்றவர்களையும் கேட்க வேண்டும் என்றாள். "தாராளமா" என்று கவுண்டர் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். அவளும் எதுவும் இல்லை என்றாள். காவலாளியையும் கூப்பிட்டார். அவனும் இல்லை என்றான். மூன்று பேர், ஒரே பதில். மறுநாள் மதியம் தொழிற்சாலையில் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். தாளில் முப்பத்தெட்டு கையெழுத்து அன்றே விழுந்தது.

அன்று மாலை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காப்பியெல்லாம் குடுத்தாங்களா? உனக்கா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"ஆமாங்க. நல்ல மனுஷன். நான் கேக்காமலே ஒவ்வொருத்தரையா அவரே கூப்பிட்டு..."

கத்தி நின்றது.

"என்ன ஆச்சு?"

"அவரே கூப்பிட்டாரு" என்றாள். "எல்லாரும் அவர் ரூம்ல, அவர் முன்னாடி நின்னு பதில் சொன்னாங்க. நான் எங்கேயும் போய் எடுக்கலைங்க. மெஷின்காரன் எடுத்துக் குடுத்த மூடியை வாங்கிப் பாத்துட்டு பாஸ் போட்டிருக்கேன்."

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவ்வளவு நல்ல மனிதர் பொய் சொல்வாரா, காப்பி எல்லாம் கொடுத்தாரே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவள் கோபம் என்மேல் இல்லை, அந்தக் காப்பிமேல். இருபத்தோரு வருடத்தில் ஒரு மெஷின்காரரிடம் ஒரு மிட்டாய்கூட வாங்காதவள். யாரோ ஒருவர் நாற்காலி போட்டு மேடம் என்று கூப்பிட்டதும் கையைப் பெட்டிக்குள் விட மறந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன்பே அந்த வங்கி வாசலுக்குப் போய் நின்றாள். காசாளர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். "முதல் ஆறு மாசம் ஒண்ணும் இல்லைங்க. அதுக்கப்புறம் எல்லா பேங்க் மாதிரிதான். இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் கூட."

அன்று மதியம் நடந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை. மாலை நடையில் முன்னிருக்கையில் உட்கார்ந்த, அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. "அண்ணே, சாப்பாட்டு நேரத்துல அக்கா எழுந்து நின்னாங்க. 'நான் தப்பா பாஸ் பண்ணிட்டேன். அந்த பேங்க் வேண்டாம். தப்பு பேங்க் மேல இருக்கு, ஆனா பாக்க வேண்டிய இடத்துல நான் பாக்கலை'ன்னு சொல்லிட்டு, கையெழுத்துத் தாளை எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டாங்க."

பேக்கிங் பிரிவில் டேப் வெட்டும் ஒரு பெண்மணி இருக்கிறார். என் மனைவியைவிடப் பத்து வயது மூத்தவர். கையிலும் கத்தரி, வாயிலும் கத்தரி என்பதால் கத்தரியம்மா என்று பெயர். அவர் விடவில்லையாம். "கையெழுத்து போட்ட மை இன்னும் காயல. மூடி பாக்கிறவளுக்கு பேங்கைப் பத்தி என்ன தெரியும்னு நான் அன்னைக்கே நினைச்சேன். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. இனி யாரு அலையப் போறா?"

என் மனைவி, "நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாளாம். இதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன். நிறுத்தம் ஒன்றைத் தாண்டிவிட்டேன், இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள், நான் திருப்பிக் கத்தவில்லை. எனக்கு அப்போது இருந்தது கோபமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்துத்தானே தெரியும், அதற்குள் யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்? தான் ஒட்டிய நல்ல சீட்டைத் தானே கிழித்தெறிய எத்தனை பேருக்கு மனம் வரும்? என் மனைவிக்கு வந்தது. நெஞ்சு விம்மியது என்று எழுதுவார்களே, அதற்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

அன்று வீட்டில் நானே ஓர் இடத்தைச் சொன்னேன். என் வண்டி கடைசியாக நிற்கும் நிறுத்தத்தில், பெயின்ட் கடைக்கு மேலே, ஒரு சின்னச் சேமிப்புச் சங்கம் இருந்தது. பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. "எங்க ஆளுங்க ரெண்டு மூணு பேர் அங்கதான் போடறாங்க. நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

"நீங்க சொன்னதுக்காக நல்லதுன்னு ஆயிடாது" என்றாள். ஆனால் மறுநாளே போனாள்.

முதலில் அவள் உள்ளே போகவில்லை. மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் நின்றாள். அந்த அம்மாவுக்கும் அங்கே கணக்கு உண்டு. "பிடிப்பாங்கம்மா" என்றார் அவர் துடைப்பத்தை நிறுத்தாமலே. "வருஷத்துக்கு ஒரு தடவை, புஸ்தகத்துக்குன்னு. முன்னாடியே சீட்டு வந்துடும். வேற எதுக்கும் எடுத்து நான் பாத்ததில்ல."

மேலே இரண்டே அறைகள், ஐந்தே பேர். மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கவுண்டர் பெண்ணும் அதையேதான் சொன்னாள். வருடத்துக்கு ஒரு கட்டணம், தொகை இவ்வளவு, ஒரு மாதம் முன்பே சீட்டு வரும். என் மனைவி ஒரு படி மேலே போய், சம்பளம் ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியலக்கா. இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்து பதிலைச் சொன்னதோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, போய்க் கேட்டு வந்து பதில் சொன்ன ஒருவரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். வீட்டுக்கு வந்து அதை இரண்டு முறை சொன்னாள்.

சங்கத்தின் செயலாளர் தலை நரைத்தவர். கேள்விக்கு அவர் சொன்ன பதிலும் படிபெருக்கும் அம்மா சொன்ன பதிலும் ஒன்றே. அதோடு நிறுத்தாமல், "இங்க குறையும் இருக்கும்மா. எங்களுக்கு ரெண்டே ஏடிஎம்தான். ஞாயித்துக்கிழமை ரெண்டும் சில நேரம் வேலை செய்யாது. கைபேசியில எல்லாம் செய்ய முடியாது. யோசிச்சுக்கோங்க" என்றாராம்.

"இதெல்லாம் ஏன் சொல்றீங்க? நான் கேக்கலையே" என்றாள்.

"நாற்பத்திரண்டு பேரைக் கூட்டிட்டு வரப்போறீங்க. ஞாயித்துக்கிழமை ஏடிஎம் முன்னாடி நின்னுக்கிட்டு நீங்கதானே திட்டு வாங்கணும்?"

அடுத்த நாள் தொழிற்சாலையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஏடிஎம் குறையையும் சேர்த்துத்தான். "கட்டணம் இல்லாத இடம் எங்கேயும் கிடையாது. இங்கேயும் உண்டு. ஆனா எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு எடுக்கிறாங்க. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதுமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

ஞாயிற்றுக்கிழமை காசு வேண்டுமென்றால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். சனிக்கிழமையே எடுத்து வைத்துக்கொள் என்றாள் இன்னொருத்தி. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தாள் நிறைந்தது. நாற்பத்தொரு கையெழுத்து. மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. கத்தரியம்மா மட்டும் பேனாவைத் தொடவில்லை. ஒருவர் குறைந்தாலும் அதிகாரி வாங்க மாட்டார், பழைய வங்கியோடு இன்னும் இரண்டு வருடம்.

எல்லோர் முன்னாலும் கத்தரியம்மா கேட்டாராம். "இந்தத் தடவை அடியில கையை விட்டுப் பாத்தியா?"

"படி பெருக்கிற அம்மாவைத்தான் முதல்ல கேட்டேன்."

"யாரும் கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்களா?"

"இல்லம்மா. நானா போய் எடுத்தது."

கத்தரியம்மா டேப் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாராம். "தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்து சொன்னியே, அதுக்காகத்தான் போடறேன். பேங்குக்காக இல்ல" என்று முனகிக்கொண்டே போட்டிருக்கிறார். இதைச் சொன்ன முன்னிருக்கைப் பெண் விசில் அடித்தாள். நான் ஹாரன் அடித்தேன். சாலையில் யாருமே இல்லை.

பழைய கணக்கை மூட நாங்கள் இருவரும் போனோம். வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னைக் கூட்டிப் போனாள். வாசலில் அதே காவலாளி. "அண்ணே, வணக்கம்ணே" என்று ஒரு அடி தள்ளி நின்றான். உள்ளே சங்கிலிப் பேனா இருந்த இடத்தில் புதுப் பேனா.

கணக்கை மூடும் படிவத்தில் கடைசியாக, காரணம் என்று ஒரு கட்டம். ஒரு வரிதான் இடம். எல்லோரும் அங்கே சொந்தக் காரணம் என்று எழுதுவார்கள் போல. என் மனைவி பேனாவை எடுத்துக் கட்டத்துக்கு வெளியேயும் சேர்த்து நிதானமாக எழுதினாள். குறை: முன்னறிவிப்பு இல்லாத பிடித்தம். மாதிரி மூன்று: வாசல், கவுண்டர், மேனேஜர். பதில் மூன்றும் வேறு. பார்த்த தேதி. கீழே, பார்த்தவர் என்று எழுதிக் கையெழுத்து. இருபத்தோரு வருடமாகப் பெட்டிகளில் ஒட்டும் அதே சீட்டுதான், அதே கையெழுத்துதான்.

கவுண்டரில் இருந்தவர் படித்தார். அன்றைக்கு என்னை அடுத்த ஆள் என்று தள்ளிவிட்ட அதே ஆள். முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க ஆடிட்டரா மேடம்?" என்றார்.

"இல்லைங்க. மூடி பாக்கிறவ."

அவர் எழுந்து உள்ளே போனார். மேனேஜர் அந்தப் படிவத்தோடு வெளியே வந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பெண்கள் அதே படிவத்தோடு நிற்பதைப் பார்த்தார். அன்று பிடித்த கட்டணங்களைத் திருப்பித் தருகிறோம், கணக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"குடுங்க" என்றாள். "ரசீதோட குடுங்க. கணக்கையும் மூடிடுங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். "பதினேழு ரூபா குறைஞ்சதுல எம்பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு சார். நீங்க திருப்பித் தர்றதுல அது வராது." அவ்வளவுதான். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. நான் நாலு தெருவுக்குக் கேட்கக் கத்தியபோது திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். காப்பாற்றச் சிரமமே இல்லை.

இந்த வருடம் விண்ணப்பம் திறந்த முதல் நாளே மூவரும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். பணம் ஒரே முயற்சியில் போய்ச் சேர்ந்தது. பாப்பா அனுப்பும் முன் நான் ஒரு தடவை படிக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். அப்பா தொழில் என்ற இடத்தில் ஓட்டுநர் என்று இருந்தது. அம்மா தொழில் என்ற இடத்தில் தர ஆய்வாளர் என்று போட்டிருந்தாள். கம்பெனியில் அவள் பதவியின் பெயரே அதுதான். இருபத்தோரு வருடமாகச் சம்பளச் சீட்டில் இருக்கிறது, நாங்கள் யாரும் அதை வாயால் சொன்னதில்லை.

"எனக்கு மட்டும் போன வருஷம் போட்டதேதானா?" என்று கேட்டேன்.

"நீங்க அப்படியேதானேப்பா இருக்கீங்க" என்றாள் பாப்பா.

என் மனைவி திரையைப் பார்த்தாள். அந்த வரியை விரல் வைத்து ஒருமுறை படித்தாள், எழுத்து எழுத்தாக, குறை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு, "சரியா இருக்கு, அனுப்பு" என்றாள்.